மஞ்சள் ஒயரும் கல்யாண டிஸ்க்கும்

கல்யாண டிவிடி ஓடவில்லை என்று யாராவது கடைக்கு வந்தால், டிஸ்க்கைக் கையில் வாங்கும் முன்பே ஒன்று கேட்பேன்: "புது டிவி வாங்கியிருக்கீங்களா?" பெரும்பாலும் ஆமாம் என்றுதான் பதில் வரும். பழைய குண்டு டிவியை எடைக்குப் போட்டுவிட்டு 32 இஞ்சோ 43 இஞ்சோ எல்இடி டிவி வாங்கிச் சுவரில் மாட்டியிருப்பார்கள். டிவிடி பிளேயர் மட்டும் அதே பழையது. அதன் பின்னாலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று ஒயர் தொங்கும். அவற்றைச் செருகப் புது டிவியில் துளை இருக்காது. டிவி மாட்ட வந்த பையன், "இதெல்லாம் இனிமே ஓடாதுங்க, தூக்கிப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான். வீட்டில் உள்ளவர்களும் அதை நம்பிவிடுகிறார்கள்.

நம்ப வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசத்தில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். மாடியில் பைப் நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனா கட்டி, கொடைக்கானல் தூர்தர்ஷனுக்கும் இலங்கை ரூபவாஹினிக்கும் மாற்றி மாற்றித் திருப்பிய காலத்தில் தொழிலுக்கு வந்தவன். ஓடவில்லை என்று என் மேஜைக்கு வரும் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை நன்றாகவே இருக்கின்றன. கோளாறு ஒயரில் இருக்கும். இல்லையென்றால் ரிமோட்டில் தெரியாமல் அமுக்கிய ஒரு பட்டனில் இருக்கும். ஆனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் உண்மையிலேயே செத்துப்போன டிஸ்க்குகளும் வருகின்றன. அந்த எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. இன்று சும்மா இருந்துவிட்டால் நாளை காப்பாற்ற எதுவும் மிஞ்சாது.

இவ்வளவு டிஸ்க் நம் பக்கத்தில் எப்படிச் சேர்ந்தது? 2006-ல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. 14 இஞ்ச் பெட்டி. சில ஆண்டுகளுக்குள் மாநிலம் முழுவதும் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. நாற்று நட்டுக் கூலி வாங்கும் குடும்பத்தின் கூரை வீட்டிலும் கலர் டிவி வந்தது. அதே சமயத்தில் மோசர் பேர் நிறுவனம் தமிழ்ப் படங்களை விசிடியாக 28 ரூபாய்க்கும் டிவிடியாக 34 ரூபாய்க்கும் விற்றது. பிளேயர் விலையும் இறங்கியது. அம்மாப்பேட்டை, திருவையாறு, ஒரத்தநாடு, வலங்கைமான் என்று எந்தக் கடைத்தெருவுக்குப் போனாலும் ஸ்டுடியோக்காரர்கள் பெரிய வீடியோ கேசட்டை விட்டுவிட்டு டிஸ்க்குக்கு மாறியிருந்தார்கள். கல்யாணம், வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, புதுமனை புகுவிழா, ஊர்க் கோயில் கும்பாபிஷேகம், தீமிதி என்று எல்லாமே டிஸ்க்கில் ஏறின. 1990-களில் எடுத்த கேசட்டுகளையும் பலர் காசு கொடுத்து டிஸ்க்காக மாற்றிக்கொண்டார்கள்.

ஏறத்தாழ 2000-க்கும் 2015-க்கும் நடுவில் நம் குடும்பங்களில் நடந்தவை இப்படித்தான் பதிவாகியிருக்கின்றன. அதற்கு முந்தையவற்றுக்கு ஆல்பம் இருக்கிறது. அதற்குப் பிந்தையவை பென் டிரைவிலும் போனிலும் இருக்கின்றன. நடுவில் வரும் இந்தப் பதினைந்து வருடம்தான் பீரோவின் அடித்தட்டில், பட்டுப்புடவைக்குக் கீழே, ஜிப் வைத்த பையில் கிடக்கிறது.

முதலில் ஒயரைப் பார்ப்போம். மூன்றில் மஞ்சள் படத்துக்கு. வெள்ளை இடப்பக்கச் சத்தம், சிவப்பு வலப்பக்கச் சத்தம். புது டிவிகள் பலவற்றில் இந்த மூன்று துளைகளும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் டிவியின் பக்கவாட்டிலோ பின்னாலோ ஹெட்போன் துளை போல ஒரு சின்ன வட்டத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் 'ஏவி இன்' என்று அச்சிட்டிருக்கும். ஒரு முனையில் சின்ன பின்னும் மறுமுனையில் மூன்று கலர் துளைகளும் கொண்ட ஒரு குட்டி ஒயர் டிவி அட்டைப் பெட்டிக்குள்ளேயே வந்திருக்கும். அட்டையோடு சேர்த்து எறிந்திருப்பார்கள், அதுதான் வழக்கம். கடையில் வாங்கினாலும் விலை அதிகமில்லை. வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சின்ன பின்னில் மூன்று கறுப்பு வளையம் இருக்க வேண்டும். ஹெட்போன் பின்னில் இருப்பதுபோல் இரண்டு போதாது. இன்னொரு சிக்கல், எந்த வளையத்தில் படம், எந்த வளையத்தில் சத்தம் என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டு. மஞ்சளில் படம் வராமல் ஸ்பீக்கரில் 'கர்ர்' என்று இரைந்தால், அந்த மஞ்சள் முனையைச் சிவப்புத் துளையிலோ வெள்ளைத் துளையிலோ மாற்றிச் செருகிப் பாருங்கள். பல நேரம் அங்கே படம் வந்துவிடும். மாற்றிச் செருகுவதால் டிவிக்கு எதுவும் ஆகாது.

செருகியபின் டிவி ரிமோட்டில் சோர்ஸ் அல்லது இன்புட் பட்டனை அமுக்கி ஏவி-யைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதைச் செய்யாததால் மட்டுமே பிளேயரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. இந்த ஒரு வரியை விற்கும்போதே சொல்லாத கடைக்காரர்கள் மேல்தான் வருத்தம்.

டிவியில் ஏவி துளையே இல்லை என்றாலும் வழி இருக்கிறது. முதலில் பிளேயரின் பின்னால் எச்டிஎம்ஐ துளை இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக வந்த மாடல்கள் பலவற்றில் இருக்கும். இருந்தால் ஒரே கேபிளில் வேலை முடிந்தது. அதுவும் இல்லையென்றால் ஏவி-யை எச்டிஎம்ஐ ஆக மாற்றும் சின்னப் பெட்டி கிடைக்கிறது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. எச்டிஎம்ஐ-யை ஏவி ஆக்கும் பெட்டியும் அதே உருவத்தில், அதே வெள்ளை நிறத்தில் விற்கிறார்கள். அதை வாங்கிவிட்டால் பயனில்லை. மூன்று கலர் துளைகளுக்குப் பக்கத்தில் 'இன்புட்' என்று போட்டிருக்க வேண்டும். இந்தப் பெட்டிக்குத் தனியாக 5 வோல்ட் மின்சாரமும் வேண்டும். டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்தோ போன் சார்ஜரிலிருந்தோ கொடுக்கலாம்.

இனி படம். என்னிடம் அதிகம் வரும் புகார், கலர் இல்லாமல் கறுப்பு வெள்ளையாகத் தெரிகிறது என்பது. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. பிளேயரின் பின்னால் பச்சை, நீலம், சிவப்பு என்று இன்னொரு வரிசை இருக்கும். சில டிவிகளிலும் இருக்கும். மஞ்சள் ஒயரை அந்தப் பச்சைத் துளையில் செருகினால் வெளிச்சம் மட்டும் போகும், கலர் போகாது. சில டிவிகளில் மஞ்சளுக்கும் பச்சைக்கும் ஒரே துளைதான். அங்கே மெனுவில் 'காம்பொனென்ட்' என்பதை 'ஏவி' என்று மாற்ற வேண்டும்.

இரண்டாவது காரணம் பிளேயர் ரிமோட்டில் இருக்கிறது. 'வி-மோட்' அல்லது 'பி-ஸ்கேன்' என்று ஒரு பட்டன். குழந்தைகள் கையில் ரிமோட் போனால் அந்தப் பட்டன் தப்பாது. அதை அமுக்கியதும் பிளேயர் படத்தை அனுப்பும் வகையே மாறிவிடும். கலர் போகும், அல்லது திரை கிழிந்த மாதிரி ஆகும், இல்லையென்றால் ஒன்றுமே தெரியாது. டிஸ்க்கை வெளியே எடுத்துவிட்டு அதே பட்டனைத் திரும்ப அமுக்கி, ஒவ்வொரு முறையும் சில நொடி காத்திருந்தால் சுற்றி வந்து பழைய நிலையில் நிற்கும். ஒரு ஸ்பேர் பார்ட் தேவையில்லை, ஒரு ரூபாய் செலவில்லை. இந்த ஒரு பட்டனால் குப்பைக்குப் போன பிளேயர்கள் நம் மாவட்டத்தில் ஏராளமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது காரணம், 'பேல்' முறைக்கும் 'என்டிஎஸ்சி' முறைக்கும் உள்ள வேறுபாடு. 1982-ல் இந்தியாவில் கலர் ஒளிபரப்பு வந்தபோது 'பேல்' முறையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். நொடிக்கு 25 படம், 625 வரி. அமெரிக்காவிலும் கனடாவிலும் 'என்டிஎஸ்சி'. அங்கிருந்து உறவினர்கள் எடுத்து அனுப்பிய டிஸ்க்கை இங்கே பழைய டிவியில் போட்டால் கலர் இல்லாமல் படம் மேலும் கீழும் உருளும். உள்ளூர் ஸ்டுடியோவில் எடிட் செய்யும்போது மென்பொருளை அமெரிக்க முறையிலேயே விட்டுவிட்டதால் நம் ஊர்க் கல்யாணமே 'என்டிஎஸ்சி'யில் பதிவான டிஸ்க்குகளும் என் கைக்கு வந்திருக்கின்றன. பிளேயரின் செட்டப்பில் 'டிவி டைப்' என்ற இடத்தில் 'ஆட்டோ' அல்லது 'மல்டி' வைத்துப் பாருங்கள். உருண்டால் 'பேல்' வையுங்கள்.

முகம் அகலமாக, எல்லாரும் குட்டையாகத் தெரிகிறார்கள் என்பது அடுத்த புகார். அந்தக் கால கேமரா எடுத்தது கிட்டத்தட்டச் சதுரமான படம், நான்குக்கு மூன்று. புது டிவி பதினாறுக்கு ஒன்பது. டிவி அதைத் தானாக இழுத்து நிரப்பிவிடுகிறது. டிவி மெனுவில் படத்தின் அளவை 4:3 என்று வையுங்கள். இரண்டு ஓரத்திலும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். மாப்பிள்ளை மாப்பிள்ளை மாதிரி இருப்பார்.

பெரிய திரையில் மங்கலாக, கட்டம் கட்டமாகத் தெரிவதை வைத்து டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. டிவிடியில் இருப்பது குறுக்கே 720, நெடுக்கே 576 புள்ளிகள். மொத்தம் நான்கு லட்சத்துச் சொச்சம். ஃபுல் எச்டி திரையில் இருப்பவை இருபது லட்சத்துக்கும் மேல். உள்ள ஒரு புள்ளியை ஐந்தாக்கிக் காட்ட வேண்டியிருக்கிறது. விசிடியோ 352-க்கு 288 தான். ஒன்றை இருபதாக்க வேண்டும். 14 இஞ்ச் இலவச டிவியில் பளிச்சென்று தெரிந்த அதே படம்தான் இது. டிவியில் 'ஷார்ப்னெஸ்' என்பதை நன்றாகக் குறைத்து, 'விவிட்' என்று இருப்பதை 'ஸ்டாண்டர்ட்' ஆக்கி, இரண்டடி தள்ளி உட்காருங்கள். பாதிக் குறை தீரும்.

ஒயரும் சரி, செட்டிங்கும் சரி, ஆனாலும் 'நோ டிஸ்க்' என்று வந்தால் சினிமா சிடி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். சிடி ஓடி எந்த டிவிடியும் ஓடவில்லை என்றால் லென்ஸில் கோளாறு. சிடிக்கு ஒரு லேசர், டிவிடிக்கு இன்னொரு லேசர். டிவிடி லேசர் மட்டும் களைத்துப்போயிருக்கலாம். பழைய பிளேயர்களிலிருந்து லென்ஸ் எடுத்து வைத்திருக்கும் மெக்கானிக் ஊருக்கு ஒருவர் இன்னும் இருக்கிறார். வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் உப்புக்காற்றில் துளைகளில் பச்சைக் களிம்பு பிடித்துவிடும். ஒயரைச் செருகி நாலைந்து தடவை திருகி எடுத்தாலே படம் நடுங்குவது நிற்கும்.

டிஸ்க்கைத் துடைப்பதிலும் முறை இருக்கிறது. வேட்டி நுனியால் வட்டமாகத் தேய்க்கக் கூடாது. நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாக விழும் கீறல் தகவல் ஓடும் வழியிலேயே விழுவதால் பிளேயரால் தாண்டிப் போக முடியாது. விசிடிக்கு அடிப்பக்கத்தைவிட மேல்பக்கம் முக்கியம். படம் பதிந்த பூச்சு பெயர் எழுதும் பக்கத்தில், மெல்லிய அரக்குக்குக் கீழேதான் இருக்கிறது. அங்கே ஆணி கீறினால் திரும்பக் கிடைக்காது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னைகள் சாய்ந்ததைப் பற்றி நிறைய எழுதினார்கள். கூரையும் ஓடும் பறந்த வீடுகளில் பீரோவுக்குள் தண்ணீர் இறங்கியதைப் பற்றி யாரும் எழுதவில்லை. அப்போது சேறு படிந்த டிஸ்க்குகள் சிலவற்றை என்னிடம் கொண்டு வந்தார்கள். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் நிறுத்தி உலர்த்தியதும் அவற்றில் பல ஓடின. அதே வீட்டு ஆல்பங்களில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் முகம் பிய்ந்து வந்தது. டிஸ்க் அவ்வளவு சுலபமாகச் சாகாது. ஆனால் ஸ்டுடியோவில் ரைட் செய்த டிஸ்க்கில் படம் ஒரு சாயப் பூச்சில்தான் பதிந்திருக்கிறது. வெயிலும் சூடும் ஈரமும் அந்தச் சாயத்தை வருடக்கணக்கில் தின்னும். ஓட்டு வீட்டுப் பரணில் சித்திரை வெயிலைத் தாங்கிய டிஸ்க்கும் கான்கிரீட் வீட்டு அலமாரியில் இருந்த டிஸ்க்கும் ஒரே வயதுதான் என்றாலும் ஒரே நிலையில் இருப்பதில்லை.

ஒரு கல்யாண டிஸ்க்குக்கு இத்தனை மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்திருந்தார். அப்பா இறந்து வருடங்கள் ஆகிவிட்டன. சட்டம் போட்ட போட்டோ வீட்டில் இருக்கிறது, குரல் எங்கும் இல்லை. தங்கை கல்யாண டிஸ்க்கில் அவர் பந்தி விசாரிக்கும் காட்சி ஒன்று இருப்பதாக நினைவு, படம் கிழிந்து கிழிந்து வருகிறது என்றார். பி-ஸ்கேன் பட்டன்தான். சரிசெய்து ஓட்டினேன். தோளில் துண்டோடு ஒருவர் இலை வரிசையைப் பார்த்தபடி வந்து, "அந்தக் கடைசி இலைக்கு ரசம் போவலை பாரு" என்றார். "அண்ணே, இன்னொரு தடவை போடுங்க" என்றார் அந்த அக்கா. பிறகு அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். வேலைக்குக் கூலி வாங்க எனக்கு மனம் வரவில்லை.

குடும்பத்துக்கு வெளியே நிற்பவர்களுக்கும் இதில் பொருள் இருக்கிறது. நாதஸ்வரத்தின் நாடு இது. அதைக் கடைந்து செய்யும் நரசிங்கம்பேட்டை நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது; 2022-ல் அந்த நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர்பெற்ற வித்வான்களின் இசை இசைத்தட்டிலும் வானொலியிலும் இருக்கிறது. ஊர்க் கோயிலில் பரம்பரையாக வாசித்து, பக்கத்து ஊர்க் கல்யாணங்களுக்குப் போய்வந்து, ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவையும் பார்க்காமல் இறந்துபோன எத்தனையோ நாதஸ்வர, தவில் கலைஞர்களின் வாசிப்பு எங்கே இருக்கிறது? கல்யாண டிஸ்க்கில்தான் இருக்கிறது. ஜானவாச ஊர்வலத்தில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நின்று வாசித்த மல்லாரி, மாப்பிள்ளை அழைப்பில் ஆற அமர வாசித்த தோடி, இவையெல்லாம் கேமரா மைக்கில் ஏறியிருக்கின்றன. எடிட்டிங்கில் பல ஸ்டுடியோக்காரர்கள் அந்தச் சத்தத்தை அழித்துவிட்டு அதன்மேல் சினிமாப் பாட்டைப் போட்டார்கள். தாலி கட்டும்போது வரும் கெட்டிமேளத்தை மட்டும் விட்டு வைத்தார்கள். அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. அப்படி அழிக்காத, அவசரத்தில் அப்படியே கொடுத்துவிட்ட டிஸ்க்குகள்தான் இன்று விலைமதிப்பில்லாதவை.

இசையை விட்டுவிட்டாலும் கேமரா போகிற போக்கில் பிடித்தது நிறைய உண்டு. திண்ணை வைத்த ஓட்டு வீடு, முற்றத்தில் போட்ட பந்தல், அறுவடை மெஷின் எல்லா வயலுக்கும் வருவதற்கு முன்பு களத்தில் ஆட்கள் நின்று கதிர் அடித்தது, மேட்டூர் திறந்து ஆற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போன ஆடிப்பெருக்கு, திருவையாற்றுப் படித்துறையில் தாலி பெருக்கிப் போட்ட பெண்கள். இவற்றை யாரும் வேண்டுமென்றே எடுக்கவில்லை. பின்னணியில் தானாக விழுந்தவை. ஒரு ஊர் எப்படி இருந்தது, எப்படிப் பேசியது என்று நாளை யாராவது தேடினால் இவைதான் கிடைக்கும்.

தஞ்சாவூரில் சரஸ்வதி மகால் நூலகம் இருக்கிறது. நாயக்கர் காலத்தில் தொடங்கி, சரபோஜி மன்னர் காலத்தில் வளர்ந்து, 1918 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. சில நூற்றாண்டு வயதுள்ள ஓலைச்சுவடியை எண்ணெய் தடவி, நூல் மாற்றிக் கட்டி இன்றும் படிக்கும் நிலையில் வைத்திருக்கிறார்கள். 1981-ல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடிக்கென்றே ஒரு துறை இருக்கிறது. ஓலையைப் படிக்கக் கண்ணும் எழுத்தறிவும் போதும். டிஸ்க்கைப் படிக்க மெஷின் வேண்டும், மெஷின் டிஸ்க்குக்கு முன்பே மறைந்துவிடும். வீடியோ கேசட்டில் அதைக் கண்ணால் பார்த்துவிட்டோம். 2016 ஜூலையில் ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் விசிஆர் தயாரிப்பதை நிறுத்தியது. இன்று கேசட்டைக் கொண்டு வந்தால் ஓட்டிக் காட்ட நல்ல மெஷின் தேடி நான் தஞ்சாவூர், திருச்சி என்று அலைய வேண்டியிருக்கிறது. புது லேப்டாப்களில் டிஸ்க் போடும் தட்டே இல்லை. டிவிடிக்கும் அந்த நிலை வர அதிக காலம் ஆகாது.

ஆகவே சிலவற்றைக் கேட்கிறேன். டிவி கம்பெனிகள் அட்டைப் பெட்டியின் வெளியிலேயே, பழைய பிளேயரை இணைக்க முடியுமா முடியாதா என்று தமிழில் எழுதட்டும். ஏவி துளை வைத்தால் அதற்கான குட்டி ஒயரை உள்ளே வைத்து, அது எதற்கு என்றும் சொல்லட்டும். விலையில் அது பெரிய வித்தியாசம் செய்யாது. ஸ்டுடியோ நடத்துபவர்கள் பழைய ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்யும் முன்போ கடையை மூடும் முன்போ வாடிக்கையாளர்களுக்கு ஒரு போன் செய்யட்டும். எடிட் செய்யாத மூலப் பதிவு இருந்தால் அதைத்தான் முதலில் கொடுக்க வேண்டும். சினிமாப் பாட்டுக்குக் கீழே புதைந்த நாதஸ்வரம் அதில் இருக்கும்.

பெரிய வேலை நூலகத்துறையுடையது. 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம், வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா. அந்தப் பணத்தில் தாலுகாவுக்கு ஒரு கிளை நூலகத்தில் டிஸ்க் டிரைவ் வைத்த ஒரு கம்ப்யூட்டரும், வாரத்தில் ஒரு நாள் உட்கார ஒருவரும் போதும். வீட்டிலிருந்து டிஸ்க் கொண்டு வந்தால் பென் டிரைவில் நகலெடுத்துக் கொடுக்க வேண்டும். குடும்பம் சம்மதித்தால், நாதஸ்வரம், தெருக்கூத்து, கோயில் விழா போன்ற பகுதிகளின் ஒரு நகல் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்குப் போகட்டும். சம்மதம் கேட்பது முக்கியம். கல்யாண வீடியோவில் இருப்பவை அந்தந்த வீட்டின் பெண்கள், குழந்தைகள். அவர்களைக் கேட்காமல் யூடியூபில் ஏற்றக் கூடாது. வாய்க்கால் தூர்வாரவே பணம் இல்லாத இடத்தில் இதற்கு எங்கே போவது என்று ஒரு விவசாயி நண்பர் கேட்டார். அவர் கேள்வி நியாயமானது. ஆனால் தூர்வாரும் பணத்தில் கை வைக்கச் சொல்லவில்லை. நூலகத்துக்கென்று கட்டிய வரியில் மிகச் சிறிய பங்கைத்தான் கேட்கிறேன்.

அது வரும்வரை வீட்டிலேயே செய்யலாம். டிஸ்க் டிரைவ் உள்ள பழைய கம்ப்யூட்டர் பள்ளிக்கூட வாத்தியார் யாரிடமாவது இருக்கும். டிவிடியைத் திறந்தால் 'வீடியோ டிஎஸ்' என்ற ஃபோல்டர் தெரியும். அதை முழுதாக நகலெடுங்கள். விசிடியில் 'எம்பெக் ஏவி' என்ற ஃபோல்டர். சாதாரண டிவிடி 4.7 ஜிபி, 32 ஜிபி பென் டிரைவில் ஆறு அடங்கும். டிவி அதை நேரடியாகப் படிக்கவில்லை என்றால் 'ஹேண்ட்பிரேக்' என்ற இலவச மென்பொருளில் போட்டு எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். மூல நகலை அழித்துவிடாதீர்கள். ஒரு பென் டிரைவ் உங்களிடமும் இன்னொன்று அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ இருக்கட்டும்.

போகிக்கு வீடு ஒழிக்கும்போதுதான் அதிக டிஸ்க்குகள் வெளியே வருகின்றன. பழைய பாயோடும் கிழிந்த கூடையோடும் சேர்ந்து விடியற்காலையில் நெருப்பில் விழுகின்றன. அந்தப் புகையும் மூச்சுக்கு ஆகாது. இந்த வருடம் மார்கழிக்குள்ளேயே அந்த ஜிப் பையை எடுத்துப் பிரித்துவிடுங்கள். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், மார்க்கர் பேனாவில் கையால் பெயரும் தேதியும் எழுதிய டிஸ்க்கிலிருந்து தொடங்கச் சொல்வேன். அச்சடித்த அட்டையோடு வந்த சினிமா டிஸ்க் கெட்டாலும் அந்தப் படம் வேறெங்காவது கிடைக்கும். கையால் எழுதியதற்கு உலகத்தில் வேறு நகல் இல்லை. அதிலும் மணமக்கள் போட்டோ போட்ட பேப்பர் ஸ்டிக்கர் மேலே ஒட்டியிருந்தால் அதுதான் முதலில். ஸ்டிக்கர் சுருண்டு உரிந்திருந்தால் பிளேயரில் போடாதீர்கள், கையால் பிய்க்கவும் செய்யாதீர்கள். அப்படியே ஒரு கவரில் போட்டு, விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள்.